கீழே இருந்த குழாய்

ஜுபைலில் ஆகஸ்ட் மாதம்
இரவு இரண்டு மணிக்கும் ஜன்னல் கண்ணாடி வேர்க்கும்.
அளவுமானி அறையில் மட்டும் இருபது டிகிரி,
எனக்காக அல்ல, கருவிகளுக்காக.
அவற்றின் புண்ணியத்தில் நான் ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன்.

மேசையில் பதினான்கு அழுத்தமானிகள்.
ஒவ்வொன்றின் முகத்திலும் சின்ன எழுத்தில்
ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர்: கிலோபாஸ்கல்.
பெயருக்குரியவர் மலை ஏறவில்லை.
உடம்புக்கு முடியாமல் பாரிஸில் இருந்தார்.
பாதரசக் குழாயோடு ஏறியது அவருடைய மச்சான்,
அக்காள் புருஷன்.
கடிதம் போட்டு வேலை வாங்கியிருக்கிறார்.
இங்கேயும் பாதிப் பேர்
மச்சான் போட்ட கடிதத்தில் வந்தவர்கள்தான்.

ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டு, செப்டம்பர் பத்தொன்பது.
உச்சியில் ஐந்து முறை அளந்தார்கள்,
சிறு கோயிலுக்குள், வெட்டவெளியில்,
காற்றில், மழையில், மூடுபனியில்.
பாதரசம் மூன்று அங்குலம் இறங்கி நின்றது.
மேலே போகப் போகக் காற்றின் பாரம் குறைகிறது,
அவ்வளவுதான்.
இயற்கை வெற்றிடத்தை வெறுக்கும் என்று
தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தவர்களுக்கு
அந்த வெறுப்பு அடிவாரத்தில் மட்டும் ஏன் அதிகம் என்று
சொல்ல வரவில்லை.
வெற்றிடத்தை யாரும் வெறுத்து நானும் பார்த்ததில்லை.
திருச்சி ஏஜென்சி வாசலில்
'காலியிடம் உண்டு' பலகைக்குக் கீழே
விடிகாலை ஐந்துக்கே வரிசை நிற்கும்.

எனக்குப் பிடித்தவர் மலை ஏறாத இன்னொருவர்.
ஊருக்குள் மடத்துத் தோட்டத்தில்
இரண்டாவது குழாய் ஒன்றை நட்டு
ஒரு துறவியைக் காவலுக்கு விட்டுப் போனார்கள்.
நகர்ந்தால் குறித்து வையுங்கள்.
வெயில் வந்தது, தூறல், பனி, மறுபடி காற்று.
அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.
இறங்கி வந்தவர்களிடம் சொன்னார்:
நகரவில்லை.
அந்த ஒரு சொல் இல்லாவிட்டால்
மலைமேல் நடந்தது வெறும் வானிலை.

அடுத்த மாதம் முப்பதாண்டுப் போர்
கையெழுத்துகளில் ஓய்ந்தது.
ஐந்து மாதம் முடியுமுன்னே லண்டனில்
கடவுள் சூட்டிய கிரீடம் என்று சொல்லப்பட்ட தலை
மரமேடையில் தனியானது.
இரண்டுக்கும் தொடர்பில்லை என்பார்கள்.
இருக்கலாம்.
தலைக்கு மேலே இருப்பதன் எடை எவ்வளவு என்று
ஏறக்குறைய ஒரே சமயத்தில்
இரண்டு ஊர்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

போன் அடித்தது. குருவிளா சார்.
காலையில் ஆடிட்.
"ஒன்பதாவதுக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிடு,
தேதி நேற்றையது போடு."
சார், அது நாலு காட்டுகிறது. உள்ளே நாலரை.
"அரை பார்தானே. யார் பார்க்கப் போகிறார்கள்?"

ஷெர்ஜாதா பார்ப்பான்.
மூன்றாம் தளத்தில் வால்வைத் திறக்குமுன்
இந்த முகத்தைத்தான் டார்ச் அடித்துப் பார்ப்பான்,
நம்பித் திறப்பான்.
என் இக்காமா புதுப்பிப்புத் தாள்
சாரின் இழுப்பறையில் இருக்கிறது.
ஒற்றைத் தாள்.
அதன் பாரத்தை இங்கே எந்த முள்ளும் காட்டாது.

ஒன்பதாவதை மறுபடி ஏற்றினேன், இறக்கினேன்.
ஐந்து முறை.
பக்கத்தில் முதன்மை மானி,
மடத்துத் தோட்டத்துக் குழாய் போல,
நாலரையிலேயே நின்றது.

சிவப்பு ஸ்டிக்கர்.
பதிவேட்டில்: பிழை அரை பார். பயன்படுத்த வேண்டாம்.
சோதித்தவர் என்ற கட்டத்துக்கு
இங்கே எண் போதும், நாற்பதாயிரத்து அறுநூற்றுப் பதினேழு.
இன்று ஏனோ பெயரை எழுதினேன்.
மரியசூசைநாதன்.
கட்டம் போதவில்லை,
கடைசி இரண்டு எழுத்து
கோட்டைத் தாண்டி ஆடிட்டரின் கட்டத்தில் நிற்கிறது.

மறுபடி போன்.
அடிக்கட்டும்.
இன்னும் ஐந்து மானி பாக்கி இருக்கிறது.